பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா

அயேலே டீச்சருக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் முப்பது வருஷத்தை அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் கொடுத்துவிட்டாள். கொடுத்தாள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். பிடுங்கிக்கொண்டார்கள் என்பதே சரி.

டெமா துறைமுகத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய மன்ஹியனில் மீனவர் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். காலையில் ஒரு கூட்டம், மதியம் இன்னொரு கூட்டம். ஒரு வகுப்புக்கு அறுபத்து நாலு பேர். மொத்தப் பள்ளிக்கும் எட்டு அட்லஸ். அதில் மூன்றுக்கு ஆப்பிரிக்காவே இல்லை, எவனோ கிழித்துக்கொண்டு போயிருந்தான். இரண்டு வேளையும் நின்றே பாடம் நடத்தி, மாலையில் டீச்சரின் கால் இரண்டும் வீங்கிப்போய் செருப்பில் ஏறாது. வீட்டுக்குப் போனால் சமைக்கத் தெம்பிருக்காது. முக்குக் கடையில் புளித்த சோளமாவில் செய்த ஒரு கென்கே உருண்டையும் பொரித்த மீனும் வாங்கி, நின்றபடியே பிட்டுத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள். வீட்டுக்காரர் டாக்கோராடியில் வேலை என்று போனவர், வருஷத்துக்கு இரண்டு தடவை தலையைக் காட்டுவார். அவர் வந்தாலும் டீச்சர் படுத்துத்தான் கிடப்பாள்.

உலக வரைபடத்தை மேலிருந்து கீழாக வெட்டுகிற அந்தப் பூஜ்யக் கோடு இருக்கிறதே, அது உலகத்தில் போக வேறு இடமே இல்லாத மாதிரி டெமா ஊருக்குள் புகுந்துதான் கடலில் இறங்குகிறது. வேறு ஊர் வாத்தியார்கள் பாடு சுகம். அவர்கள் ஊருக்கு ஒரே பக்கம், ஒரே திசை, எண்ணைச் சொன்னால் போதும். இங்கே பாதி ஊர் கோட்டுக்குக் கிழக்கு, பாதி மேற்கு. கிழக்கே போனாலும் ஒன்று, இரண்டு, மூன்று. மேற்கே போனாலும் அதே ஒன்று, இரண்டு, மூன்று. எண் எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் வளரும் என்று கணக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்துவிட்ட பிள்ளைகளிடம், மேற்குப் பக்கம் அது இடப்பக்கமாக வளரும் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும். சொல்லிப் பாருங்கள், தெரியும்.

டீச்சர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். வகுப்பின் நடு வரிசையைப் பூஜ்யம் என்று வைப்பாள். ஜன்னல் பக்கம் கிழக்கு, கதவுப் பக்கம் மேற்கு. முன்பெஞ்சிலிருந்து பின்பெஞ்சுவரை அட்சரேகை.

"அஞ்சாவது பெஞ்சு, ரெண்டாவது வரிசை. எந்திரி!" என்பாள்.

ஜன்னல் பக்கம் ஒருத்தி எழுந்திருப்பாள், கதவுப் பக்கம் ஒருத்தன் எழுந்திருப்பான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். வகுப்பே சிரிப்பில் அதிரும்.

"என்னடா சிரிப்பு? நான் ஒருத்தரைத்தானே கூப்பிட்டேன். ஏன் ரெண்டு பேரு வந்தீங்க?"

"நீங்க திசை சொல்லலை டீச்சர்!"

"ஆங்! அதான். இதை மட்டும் மண்டையில ஏத்துங்கடா, போதும், நான் நிம்மதியா செத்துப்போவேன்."

அன்றைக்கு ஏறும். அடுத்த வாரம் பரீட்சை வைத்தால் அறுபத்து நாலில் ஐம்பது பேர் எண்ணை மட்டும் எழுதித் திசையை விட்டுவிடுவார்கள். முப்பது வருஷமாக இதே கூத்து. தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியது எல்லாம் எங்கே போகிறது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. சுவருக்குச் சொன்னாலாவது காரை பெயர்ந்திருக்கும். பிள்ளைகள் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போதே எல்லாவற்றையும் உதறிவிட்டுத்தான் போகிறார்கள் என்பதுதான் அவள் முப்பது வருஷத்தில் கண்டுபிடித்த ஒரே உண்மை. அந்த எண்ணம் வந்த பிறகு அவளுக்குப் பாதி அலுப்பு குறைந்தது என்றுகூடச் சொல்லலாம். எதுவும் நிற்காது என்றால் எதைச் சொன்னால் என்ன?

திங்கட்கிழமை மதியக் கூட்டத்துக்கு மணி அடிக்கிற நேரம், மீன் சுடுகிற கோர்கோர் பள்ளிக்குள் ஓடிவந்தாள். நல்ல கனத்த உடம்பு. முந்தானையெல்லாம் கரி. வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"அஞ்சு, பதினெட்டு. பூஜ்யம், பதினாலு. அஞ்சு, பதினெட்டு. பூஜ்யம், பதினாலு. டீச்சரம்மா, சீக்கிரம் எழுதிக்கோ, எனக்கு மறந்துரும்!"

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸால் சுவரிலேயே எழுதினாள். எழுதி முடித்ததும் கோர்கோர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். கோர்கோருடைய படகு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது. ஆறு பேர். அவள் மகன் அஃபோட்டேதான் வழி பார்ப்பவன், அந்தக் கையடக்க ஜிபிஎஸ் கருவி அவனிடம்தான் இருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் கரைக்கு வந்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை இந்தக் கரையில் எவனும் கடலில் இறங்க மாட்டான், அது கடலுக்கு விட்ட நாள். நடுவில் எஞ்சின் செத்துவிட்டது. அதோடு படகின் பக்கப் பலகையும் விட்டுப்போய்த் தண்ணீர் ஏறுகிறது, இரண்டு பேர் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். குடிதண்ணீர் ஒரு பாக்கெட்தான் பாக்கி. அஃபோட்டே போனில் கூப்பிட்டு, வலையை இறக்கிவிட்டிருக்கிறேன், நீரோட்டம் ரொம்ப இழுத்துக்கொண்டு போகாது என்று சொல்லிவிட்டு, இந்த நான்கு எண்ணையும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். போன் செத்துவிட்டது. அதற்கப்புறம் எத்தனை தடவை அடித்தாலும் அந்தப் பெண்குரல்தான் பேசுகிறது.

"கிழக்கா மேற்கா? சொன்னானா?" என்றாள் டீச்சர்.

"அதெல்லாம் சொல்லலை. இதை மட்டும்தான் சொன்னான். என் பிள்ளை சத்தியமா இதை மட்டும்தான் சொன்னான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு கோர்கோர்."

"நான் என்ன யோசிக்கிறது! எனக்குப் படிப்பா இருக்கு யோசிக்க? துறைமுகத்துல சொன்னேன், அவங்களும் இதையேதான் கேக்கறாங்க. மீனவர் தலைவர் சோவாவும் இதையேதான் கேக்கறார். நீதானே இவனுக்குச் சொல்லிக்கொடுத்தே? இவன் எங்க இருக்கான்னு நீ சொல்லு!"

அஞ்சு பாகை பதினெட்டு நிமிஷம் வடக்கு, அதில் குழப்பமில்லை. பூஜ்யம் பாகை பதினாலு நிமிஷம் மேற்கு என்றால் அக்ராவுக்கு நேராக வெளிக்கடல். பதினாலு நிமிஷம் கிழக்கு என்றால் பிராம்பிராம் ஊரையும் தாண்டி. நடுவில் ஐம்பது கிலோமீட்டர் தண்ணீர். தலைமையாசிரியர் வேறு வந்து நின்றுவிட்டார். மதியக் கூட்டத்துப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். டீச்சர் புத்தகத்தில் உள்ளபடி பதில் சொன்னாள்.

"திசை இல்லாம இடம் சொல்ல முடியாது. ரெண்டு இடமும் இருக்கலாம்."

சரியான பதில். நூற்றுக்கு நூறு போடலாம். கோர்கோர் அந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். அங்கே தலைவர் சோவா, நீரோட்டம் கிழக்கேதான் இழுக்கும், அதனால் கிழக்கே தேடுவோம் என்று இரண்டு படகை அனுப்பினார்.

டீச்சர் வகுப்புக்குத் திரும்பி நடந்தாள். பாதி வராந்தாவில் ஒன்று ஞாபகம் வந்தது.

பத்து வருஷத்துக்கு முன்னால், அவள் அம்மா படுக்கையில் கிடந்த வருஷம். பகலெல்லாம் பள்ளி, பிறகு ஆஸ்பத்திரி, அங்கே பெஞ்சில் உட்கார்ந்து நூற்றிருபது விடைத்தாள் திருத்தியாக வேண்டும். தாளுக்குத் தாள் திசை இல்லை. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் வட்டம் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துபோனது. மறுநாள் வகுப்பில் வந்து சொன்னாள்: "இனிமே திசை எழுதலைன்னா மேற்குன்னு எடுத்துக்கறேன். நம்ம நாடு முக்காவாசி மேற்குலதான் இருக்கு. கிழக்கா இருந்தா மட்டும் எழுதித் தொலைங்க. ஆளை விடுங்க." பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அந்த ஒரு வருஷம் அப்படியே ஓடியது. அடுத்த வருஷம் மேற்பார்வைக்கு வந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, இது என்ன புதுப் பூகோளம் என்று கேட்டதில் டீச்சர் பழைய வழிக்கே திரும்பிவிட்டாள்.

அந்த வருஷத்து வகுப்பில்தான் அஃபோட்டே இருந்தான்.

டீச்சர் வராந்தாவில் நின்றாள். போய்ச் சொல்லலாமா? சொல்லித் தொலைத்தால் தலைமையாசிரியர் என்ன நினைப்பார் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம், அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. பத்து வருஷத்துக்கு முந்தி ஒரு கிறுக்கு வருஷத்தில் சொன்னதை எந்தப் பிள்ளை ஞாபகம் வைத்திருக்கும்? போன வாரம் சொன்னதே நிற்கவில்லை. இவன் ஏதோ அவசரத்தில் திசையை விட்டிருக்கிறான், எல்லாரும் விடுகிற மாதிரி. இதை நம்பிப் படகை மேற்கே அனுப்பி அவன் கிழக்கே கிடந்தால்? அப்படியே வகுப்புக்குள் போய்விட்டாள். அன்றைக்கு மதியம் அவள் நடத்திய பாடம் என்னவென்று அவளுக்கே தெரியாது.

பொழுது சாய்வதற்குள் இரண்டு படகும் வெறுங்கையோடு திரும்பின.

செவ்வாய்க்கிழமை காலையில் கரை முழுக்க ஆட்கள். கடலுக்குப் போகாத நாள், எல்லாரும் வலையைப் பரப்பிவைத்துப் பொத்தல் தைக்கிற நாள். அன்றைக்கு எவனும் ஊசியைத் தொடவில்லை. தலைவர் சோவா கடலுக்குப் பூசை செய்கிற பூசாரி வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல், ஒடிசலான உடம்பு, எப்போதும் எரிந்துவிழுகிற வாய்.

"கேட்டுக்கோங்க. வலை இல்லாம, தூண்டில் இல்லாம, ஒரே ஒரு படகு. ஒரே ஒரு தடவை. போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது கரை. இங்கேயும் அங்கேயும் சுத்திக்கிட்டுத் திரியறதுக்கு இன்னைக்கு உத்தரவு இல்லை. நேத்துப் போன இடத்துக்கும் கிழக்க, பெட்ரோல் உள்ளமட்டும் தேடுவோம். அவ்வளவுதான்."

காலைப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு டீச்சர் வந்திருந்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தாள். மணலில் கால் புதையப் புதைய நடந்து, ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"தலைவரே, மேற்க போகச் சொல்லுங்க."

"ஏன், நேத்து ரெண்டு பக்கமும்னு சொன்னியே டீச்சர்? ராத்திரி கனவு வந்துச்சா?"

நாலு பேர் சிரித்தார்கள். டீச்சர் சொன்னாள். அம்மா படுத்திருந்தது, விடைத்தாள், திசை எழுதாவிட்டால் மேற்கு என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். அவள் பிள்ளைகளின் அப்பன்மாரும் அவளிடமே படித்த தடியன்களும் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது.

"அதாவது, திருத்தச் சோம்பல்பட்டுக்கிட்டுத் தப்பை சரின்னு போட்டே," என்றார் சோவா.

"ஆமா."

"ஒரு வருஷம் முழுக்க."

"ஆமாங்கறேன்ல."

"அதை நம்பி ஆறு உசுரை வைக்கச் சொல்றே."

"எனக்கே நம்பிக்கை இல்லை தலைவரே. அவன் மறந்துருப்பான்னுதான் நேத்து வாயை மூடிட்டுப் போயிட்டேன். ஆனா மறக்காம இருந்தா? இருந்தா அவன் சொன்னது முழுசாச் சொன்னதுதான். நாமதான் காதுல வாங்கலை."

கூட்டத்தில் யாரோ, டீச்சர் பேச்சைக் கேட்டா அவங்க ஐவரி கோஸ்ட்டுக்குத்தான் போவாங்க என்றான். கோர்கோர் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டான். பிறகு அவள் தலைவரின் முன்னால் வந்து நின்றாள். முந்தின நாள் கரி இன்னும் கழுவாமல் அப்படியே இருந்தது.

"மேற்க போங்க," என்றாள்.

"யோசிச்சுக்கோ கோர்கோர். இல்லேன்னா இன்னொரு படகு நாளைக்குத்தான்."

"என் பிள்ளை படிப்புல மோசம். ஆனா யாரு எதைச் சொன்னாலும் அப்படியே பிடிச்சுக்குவான். சின்னதுலேருந்தே அப்படித்தான். மேற்க போங்க."

சோவா படகில் நின்றவனைப் பார்த்துக் கையை வலப்பக்கம் நீட்டினார். அங்கே கடலைப் பார்த்து நின்றால் வலப்பக்கம்தான் மேற்கு.

டீச்சர் பள்ளிக்குத் திரும்பவில்லை. கவிழ்த்துப்போட்ட ஒரு பழைய படகின் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். கோர்கோர் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறி இறங்கியது. மேற்கு இல்லை என்றால் இந்தக் கரையில் இனி எப்படி நடப்பது, மற்ற ஐந்து பேர் வீட்டு வாசலையும் கோர்கோர் வீட்டு வாசலையும் எப்படிக் கடப்பது என்று யோசித்து யோசித்து டீச்சருக்கு யோசிக்கவும் தெம்பில்லாமல் போனது.

நாலு மணிக்கு மேல், முதலில் கண்ணுக்குப் பட்டது ஒரு படகு. அப்புறம்தான் அது இன்னொன்றைக் கயிறு கட்டி இழுத்து வருவது தெரிந்தது. கரையில் எழுந்த சத்தத்தில் கோர்கோர் எழுந்து ஓடி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். அஞ்சு பதினெட்டு, பூஜ்யம் பதினாலு மேற்கு. அங்கிருந்து கொஞ்சம்தான் கிழக்கே நகர்ந்திருந்தார்கள். ஆறு பேரும் இருந்தார்கள். படகில் அடுப்பு பார்க்கிற ஓடோய் மட்டும் தாகம் பொறுக்காமல் கடல்தண்ணீரைக் குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடந்தான். அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பிழைத்துக்கொள்வான் என்று மறுநாள் மதியம்தான் சேதி வந்தது. அதுவரை டீச்சர் எதையும் தின்னவில்லை. திங்கட்கிழமையே வாயைத் திறந்திருந்தால் அவன் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்க மாட்டான். இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை, ஊரே அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. சோவாகூட, சோம்பேறியா இருந்தாலும் கெட்டிக்காரச் சோம்பேறி என்று சொல்லியனுப்பியிருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் கோர்கோர் வீட்டுக்குப் போனாள். மீன் சுடுகிற அடுப்புகளுக்குப் பின்னால் பாய் விரித்து அஃபோட்டே படுத்திருந்தான். உதடெல்லாம் வெடித்து, முகம் தோலுரிந்து, ஆள் பாதியாகியிருந்தான். பக்கத்தில் ஒரு கிண்ணம் சோளக்கஞ்சி. டீச்சரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"படுடா, படு. ஏன்டா, திசையைச் சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு? ஒரு வார்த்தைதானே?"

"போன் சாகப்போகுது டீச்சர். எண்ணை ரெண்டு தடவை சொல்லணும்னு நினைச்சேன். மேற்குதானே, அதைச் சொல்ல வேண்டாமேன்னு..." சிரிக்கப் பார்த்தான், உதடு வலித்ததில் பாதியில் நிறுத்திக்கொண்டான். "நீங்கதானே சொன்னீங்க, இல்லேன்னா மேற்குன்னு."

"அது ஏதோ அலுப்புல உளறினதுடா. அதைப் போய்ப் பத்து வருஷமா வெச்சிருக்கியே, பாவி."

"எல்லாம் வெச்சிருக்கேன் டீச்சர். ஜன்னல் பக்கம் கிழக்கு. அஞ்சாவது பெஞ்சுல நானும் டெடேயும் சேர்ந்து எந்திரிப்போம். நீங்க கத்துவீங்க."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கத்தியது வீண் போகவில்லை என்று இருந்தது. பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்தாள்.

"இவ்வளவு நல்லாப் பிடிச்சிருக்கியே, அப்புறம் ஏன்டா பள்ளிக்கூடத்தை விட்டு நின்னே? அந்த வருஷமே நின்னுட்டேல்ல? பரீட்சைக்குக்கூட வரலையே?"

அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"நீங்கதானே டீச்சர் போகச் சொன்னீங்க."

"நானா?"

"மூணாவது டெர்ம்ல. மாமாவோட படகுக்குப் போயிட்டு லேட்டா வந்தேன். உனக்கெல்லாம் எதுக்குடா மேப்பு, மீன் நாத்தம் பிடிச்சவன், கடலுக்குத்தானே போகப்போறே, இப்பவே போய்த் தொலை, ஒரு விடைத்தாளாவது எனக்குக் குறையும்னு சொன்னீங்க."

குரலில் ஒரு குறையும் இல்லை. தீர்க்கரேகையைச் சொன்ன அதே குரல்தான். டீச்சர் தேடித் தேடிப் பார்த்தாள். அப்படி ஒரு நாள் அவளுக்கு ஞாபகமே இல்லை. அந்த வார்த்தைகள் மட்டும் அவளுடையவைதான், சந்தேகமில்லை. எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ.

"நான் சும்மா ஏதோ கோவத்துல... அதுக்காக நிஜமாவே போயிடுவியாடா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன் டீச்சர்," என்றான் அஃபோட்டே.